வெளிநாட்டு ப்ரீபெய்டு சிம்முக்கு அழைப்பு வரவில்லையா? எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

பயண சிம் விற்கிறவர்களுக்குப் பழகிப்போன புகார் இது. போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது, வாட்ஸ்ஆப்பும் ஓடுகிறது. ஊரிலிருந்து கூப்பிட்டால் மட்டும் ‘நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்று வருகிறது. வாங்கியவர் சிம் போலி என்று சண்டைக்கு நிற்பார். விற்றவர் போனை அணைத்துப் போடுங்கள் என்பார். அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும் என்பதால் அந்தப் பதில் இன்னும் செத்துப்போகாமல் இருக்கிறது. ஆனால் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்பது ஒரே கோளாறு இல்லை. ஏழெட்டுக் கோளாறுகள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரிந்தால்தான் நீங்களே சரிசெய்வதா, புகார் கொடுப்பதா, கூப்பிடுகிறவரைத் திருத்துவதா என்று முடிவு செய்ய முடியும்.

முதலில், அந்த சிம்முக்கு எண் உண்டா?

சிரிக்க வேண்டாம். இப்போது ஆன்லைனில் விற்கும் பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை. அவற்றில் பேசும் வசதியே கிடையாது. சிக்கல் என்னவென்றால், போனின் செட்டிங்ஸைத் திறந்தால் அதில் ஏதோ ஒரு எண் தெரியலாம். அது நிறுவனத்தின் உள்கணக்குக்கு ஒதுக்கிய எண். அதை அம்மாவுக்கு அனுப்பினால் அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி அடிக்காது. வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் ‘வாய்ஸ்’, ‘நிமிடங்கள்’ என்ற சொற்கள் எங்கேயும் இல்லையென்றால் அது டேட்டா சிம். வாட்ஸ்ஆப் ஓடுகிறதே என்று கேட்கலாம். வாட்ஸ்ஆப் உங்கள் பழைய இந்திய எண்ணில் ஓடுகிறது. புது சிம்மிடமிருந்து அதற்கு வேண்டியது இணையம் மட்டும்தான்.

எண் உண்டென்றால் அடுத்து அது எந்த நாட்டு எண் என்று பாருங்கள். பயண சிம்களில் பிரிட்டனின் +44, எஸ்டோனியாவின் +372 போன்றவை அதிகம் வரும். +44 என்று தொடங்குவதெல்லாம் பிரிட்டன் எண் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. +44 7624 மேன் தீவு. +44 7797 ஜெர்சி, +44 7781 கெர்ன்சி. பார்வைக்குப் பிரிட்டன் மாதிரியே இருக்கும் இவற்றுக்கு அழைக்கிறவரின் நிறுவனம் தனிக் கட்டணம் போடலாம். பிரிட்டன் ஐஎஸ்டி பேக்கில் சேர்க்காமலும் விடலாம். மிஸ்டு கால் மோசடிக்கு இப்படிப்பட்ட வரிசைகள் பயன்பட்டதால் சில நிறுவனங்கள் அடியோடு தடுத்தும் வைத்திருக்கின்றன. +882, +883 என்று தொடங்கும் எண்கள் இன்னும் மோசம். அவை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பன்னாட்டு வலையமைப்பு எண்கள். பல நிறுவனங்களிலிருந்து அவற்றுக்கு இணைப்பே கிடைக்காது. இப்படி ஒரு எண்ணைக் கடையில் நீட்டினால் வேறு எண் கேளுங்கள்.

அழைப்பு எந்த வழியாக வருகிறது

மதுரையில் இருக்கும் அப்பா, சிங்கப்பூரில் இருக்கும் மகளைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளிடம் இருப்பது பிரிட்டன் எண் கொண்ட பயண சிம். அழைப்பு மதுரையிலிருந்து நேரே சிங்கப்பூர் போகாது. அப்பாவின் நிறுவனம் அதை ஐஎஸ்டி வாசல் வழியாக ஒரு இடைத்தரகு நிறுவனத்திடம் கொடுக்கும். அது ஒன்றிரண்டு கை மாறி பிரிட்டனில் உள்ள, சிம்மை வெளியிட்ட தாய் நெட்வொர்க்குக்குப் போகும். அங்கே எச்எல்ஆர் என்ற பதிவேடு இருக்கிறது. எந்த சிம் இப்போது எந்த நாட்டில், எந்த நெட்வொர்க்கில் நிற்கிறது என்பது அதில்தான் பதிவாகியிருக்கும். சிங்கப்பூர் என்று தெரிந்ததும், அந்த நெட்வொர்க்கிடம் இந்த ஓர் அழைப்புக்கு மட்டுமான தற்காலிக எண் ஒன்றை வாங்கி, அழைப்பை அங்கே தள்ளிவிடும். அதன் பிறகுதான் மகளின் போனில் மணி அடிக்கும்.

ஆக, அறுந்துபோகக் கூடிய இடங்கள் நாலு: அப்பாவின் நிறுவனம், இடைத்தரகர், பிரிட்டனின் பதிவேடு, சிங்கப்பூர் நெட்வொர்க்கும் போனும். மகள் கையில் இருக்கும் போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் முதல் இரண்டு இடங்களில் உள்ள கோளாறு தீராது.

கூப்பிடுகிறவர் காதில் என்ன விழுகிறது?

துப்பு இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை. ‘போகவில்லை’ என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். என்ன குரல், எந்த மொழி, எத்தனை நொடி கழித்து என்று கேளுங்கள்.

டயல் செய்த உடனே, ஒன்றிரண்டு நொடியில், தமிழிலோ இந்தியிலோ பழகிய குரல் பேசினால் அழைப்பு இந்தியாவை விட்டே கிளம்பவில்லை. ஐஎஸ்டி வசதி திறக்கப்படாமல் இருக்கலாம், பேலன்ஸ் போதாமல் இருக்கலாம், எண் தவறாக இருக்கலாம். அன்லிமிடெட் பேக்கில் ஐஎஸ்டி அடங்காது. உள்ளூர் அழைப்பு இலவசமாகப் போகும் அதே போனில், வெளிநாட்டுக்குப் பேச மெயின் பேலன்ஸ் தனியாக வேண்டும்.

பத்துப் பதினைந்து நொடி அமைதி, பிறகு வேற்று உச்சரிப்பு ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ அறிவிப்பு என்றால் அழைப்பு தாய் நெட்வொர்க் வரை போய்விட்டது. ‘எண் உபயோகத்தில் இல்லை’ என்ற பொருளில் சொன்னால் சிம் இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’, ‘தற்போது தொடர்பு கிடைக்கவில்லை’ என்றால் எண் உயிரோடு இருக்கிறது, போன் எங்கே நிற்கிறது என்பதுதான் பதிவேட்டுக்குத் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நீண்ட அமைதிக்குப் பின் ‘டொக்’கென்று அறுந்தால், அல்லது வேகமான பீப் பீப் ஒலி வந்தால், பெரும்பாலும் இடைத்தரகர் மேல் சந்தேகப்படலாம்.

இன்னொன்று குழப்பமானது. அப்பா காதில் மணி அடிக்கிறது, மகள் போனில் சத்தமே இல்லை. மகள் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று வீட்டில் மனத்தாங்கல்கூட வரும். மலிவான தடங்களில் சில தரகர்கள் அழைப்பு போய்ச் சேருவதற்கு முன்பே போலியாக மணியோசையை அனுப்புவதுண்டு. யாரும் எடுக்காமலே ‘எடுத்தாகிவிட்டது’ என்று காட்டிக் காசு பிடுங்கும் வகையும் உண்டு. மகள் போனின் மிஸ்டு கால் பட்டியலில் அந்த அழைப்பு இல்லை, அப்பா கணக்கில் மட்டும் காசு குறைந்திருக்கிறது என்றால் புகார் கொடுக்க வேண்டியது அப்பாவின் நிறுவனத்திடம். சிம் விற்றவர் இதில் செய்யக் கூடியது எதுவுமில்லை.

சோதனை: இந்த வரிசையில்

ஒன்று. எண்ணைச் சரியாக எழுதிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். + குறி, நாட்டுக் குறியீடு, எண். உள்நாட்டில் எழுதும்போது முன்னால் வரும் சுழியம் போய்விட வேண்டும். அட்டையில் 07 என்று அச்சிட்டிருந்தால் டயல் செய்ய வேண்டியது +447 என்று. +4407 என்று சேமித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் கூப்பிடுகிறவர்கள் நிறைய. லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டால் + குறிக்குப் பதில் இந்தியாவில் 00, அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011.

இரண்டு. உங்கள் போனின் மேலே நெட்வொர்க் பெயர் தெரிகிறதா? ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’, ‘நோ சர்வீஸ்’ என்றால் சிம் அந்த நாட்டு நெட்வொர்க்கில் பதிவாகவே இல்லை. ஏர்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அதற்கும் வராவிட்டால் நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் அமைப்பை நிறுத்தி, பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை மறுத்த நெட்வொர்க்கைத் தடைப்பட்டியல் ஒன்றில் சிம் குறித்து வைத்துக்கொள்ளும்; பிறகு தானாக அந்தப் பக்கம் போகாது. கையால் தேர்ந்தெடுத்துப் பதிவாகிவிட்டால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். பட்டியல் முழுதையும் முயன்றும் எல்லாமே மறுத்தால் ரோமிங் ஒப்பந்தம் இல்லை, அல்லது சிம் ஆக்டிவேட் ஆகவில்லை. நிறுவனம்தான் பார்க்க வேண்டும்.

மூன்று. நீங்கள் வெளியே ஒரு அழைப்பு செய்து பாருங்கள். சில சிம்கள் முதல் அழைப்புக்குப் பிறகுதான் முழுதாக உயிர்பெறும். வெளியே போகிறது, உள்ளே வரவில்லை என்றால் சந்தேகம் பேலன்ஸ், தடை, டைவர்ட் (அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவது) பக்கம் திரும்புகிறது. *#35# என்று டயல் செய்தால் உள்வரும் அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று காட்டும். *#351# ரோமிங்கில் மட்டும் தடுத்திருப்பதைக் காட்டும். *#62# டயல் செய்தால், தொடர்பு கிடைக்காதபோது அழைப்பு எங்கே திருப்பப்படுகிறது என்று தெரியும்.

நாலு. வெவ்வேறு இடங்களிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது. இந்தியாவில் இரண்டு வேறு நிறுவன எண்களிலிருந்து, முடிந்தால் நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள ஒரு உள்ளூர் எண்ணிலிருந்தும். எல்லா இடத்திலிருந்தும் போகவில்லையென்றால் கோளாறு சிம், தாய் நெட்வொர்க், நீங்கள் இருக்கும் நாடு இந்தப் பக்கம். ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் போகவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் தடம். ஐந்து நிமிட வேலை, பாதிப் புகார்களின் முகவரியை மாற்றிவிடும்.

ஐந்து. சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போடுங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் போன்தான் காரணம்: நெட்வொர்க் லாக் (ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு), பழைய மாடல், அல்லது அடுத்து வரும் 4ஜி விவகாரம்.

நெட் வருகிறது, அழைப்பு வரவில்லை

முன்பெல்லாம் சிக்னல் இருந்தால் அழைப்பு வரும். இப்போது அந்தக் கணக்கு செல்லாது. 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக உருவான தொழில்நுட்பம். அதில் பேச இரண்டு வழி: அழைப்பு வரும் நேரத்தில் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிக்கொள்வது, அல்லது 4ஜியிலேயே பேசும் வோல்டிஇ. பல நாடுகள் பழைய நெட்வொர்க்குகளை மூடிவிட்டதால் முதல் வழி அங்கே அடைபட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போய்விட்டது, 3ஜி 2024-ல் போனது. ஆஸ்திரேலியாவில் கடைசி 3ஜி நெட்வொர்க்குகள் 2024 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டன. 2ஜி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இல்லை. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-க்குள் 3ஜியை மூடிவிட்டன. ஜெர்மனியில் 3ஜி 2021-ல் போனாலும் 2ஜி நிற்கிறது. பிரிட்டனிலும் 2ஜி நிற்கிறது. அதனால்தான் லண்டனில் ஒழுங்காக மணி அடித்த அதே சிம், அதே போன், சிட்னியில் இறங்கியதும் ஊமையாகிவிடுகிறது.

சிட்னியில் வேலை செய்ய மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும். உங்கள் போனில் வோல்டிஇ இயக்கத்தில் இருக்க வேண்டும். சிம் நிறுவனம் வோல்டிஇ சேவை தர வேண்டும். அந்த நிறுவனத்துக்கும் ஆஸ்திரேலிய நெட்வொர்க்குக்கும் இடையே வோல்டிஇ ரோமிங் ஒப்பந்தம் இருக்க வேண்டும். டேட்டா ரோமிங் ஒப்பந்தம் வேறு, இது வேறு. மலிவு சிம்களில் மூன்றாவதுதான் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அது இல்லையென்றால் நீங்கள் போனில் என்ன செட்டிங் மாற்றினாலும் பலனில்லை.

கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு அழைப்பு செய்து, திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். பேசும்போதும் 4ஜி என்றே நின்றால் வோல்டிஇ வேலை செய்கிறது. 4ஜி மறைந்து ‘இ’ அல்லது ‘எச்’ போன்ற ஆங்கில எழுத்து வந்தால் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கியிருக்கிறது, அதுவும் சரிதான். டயல் செய்த மறுகணமே அழைப்பு அறுந்து, 4ஜி மட்டும் அப்படியே நின்றால் இரண்டு வழியும் இல்லை.

புகாருக்கு முன் சரிபார்க்க வேண்டியவை: மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த சிம்முக்கு நேரே வோல்டிஇ ஆன், நெட்வொர்க் வகை ‘4ஜி மட்டும்’ என்று இல்லாமல் தானாகத் தேர்ந்தெடுக்கும் நிலை, டேட்டா ரோமிங் ஆன். பேசுவதற்கு டேட்டா ரோமிங் எதற்கு என்று கேட்கலாம். சில போன்களில் அது அணைந்திருந்தால் வோல்டிஇயும் சேர்ந்து அணைந்துவிடும். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 4ஜியில் அவசர எண் 000-வை அழைக்க முடியாத போன்களுக்கு அங்குள்ள நிறுவனங்கள் சேவை தரக் கூடாது என்ற விதி 2024 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஐந்தாறு வருடப் பழைய போனைத் தாத்தாவிடம் கொடுத்தனுப்பும் முன் யோசியுங்கள்.

பேலன்ஸ், காலாவதி, வாய்ஸ்மெயில்

இந்தியாவில் உள்வரும் அழைப்பு இலவசம் என்ற பழக்கத்தில் இருக்கிறோம். ரோமிங் சிம்மில் பல நாடுகளில் உள்வரும் நிமிடத்துக்கும் காசு. பேலன்ஸ் தீர்ந்தால் தாய் நெட்வொர்க் அழைப்பை உங்களிடம் அனுப்பவே அனுப்பாது. கூப்பிடுகிறவருக்குக் கேட்பது ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்றுதான். ‘இவரிடம் காசு இல்லை’ என்று எந்த நெட்வொர்க்கும் சொல்லிக்காட்டாது. டேட்டா பேக்கும் பேசும் பேலன்ஸும் பெரும்பாலும் தனித்தனிக் கணக்கு. 5 ஜிபி மிச்சம் இருக்கிறதே என்று நம்பாமல் பேசும் பேலன்ஸைத் தனியாகப் பாருங்கள்.

பேசாமலே அது எப்படிக் கரைகிறது? வாய்ஸ்மெயில்தான் பெரும்பாலும் காரணம். நீங்கள் எடுக்காத அழைப்பு சிங்கப்பூரிலிருந்து திரும்பவும் பிரிட்டனுக்குப் போய் வாய்ஸ்மெயிலில் உட்காரும். உள்ளே வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிப் போனதற்கு ஒரு கட்டணம் என்று சில திட்டங்களில் இரட்டையாகப் பிடிப்பார்கள். ##002# டயல் செய்தால் எல்லா டைவர்ட்டும் நீங்கும். வெளிநாட்டில் இறங்கி, நெட்வொர்க் பெயர் தெரிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவது நல்லது. நெட்வொர்க்கில் பதிவாகாத நிலையில் இந்தக் குறியீடுகள் வேலை செய்யாது.

காலாவதி பற்றிச் சுருக்கமாக: ‘30 நாள்’ என்பது விற்ற நாளிலிருந்தா, ஆக்டிவேட் ஆன நாளிலிருந்தா, முதன்முதலில் நெட்வொர்க் பிடித்த நேரத்திலிருந்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்றாவது வகை என்றால் வழியில் தோகாவிலோ பிராங்க்ஃபர்ட்டிலோ போனை ஆன் செய்ததும் கணக்கு ஓடத் தொடங்கிவிடலாம். காலாவதியான எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். போன முறை வாங்கிய சிம்மின் எண்ணை உறவினர்கள் இன்னும் வைத்திருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள்.

சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை

இரண்டு சிம் போட்ட போனில், ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று பெரும்பாலும் தூங்கிவிடும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் ‘பிசி’ என்று வராது, தொடர்பு இல்லை என்றே வரும்.

நாடு விட்டு நாடு போகும் பயணத்தில் வேறொரு காரணம். ஒரே சிம்முக்குள் இரண்டு மூன்று நிறுவனங்களின் அடையாள எண்களைப் பொதித்து, நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வகை உண்டு. எல்லை தாண்டியதும் அது மாறச் சில நிமிடம் ஆகும். மாறிய பின் சில நேரம் போனை அணைத்துப் போட்டால்தான் பிடிக்கும். அணைத்துப் போடுங்கள் என்ற பழைய பதில் இங்கே உண்மையிலேயே சரியான மருந்து. மாறாமல் சிக்கிக்கொண்டால் போனில் உள்ள சிம் டூல்கிட் செயலியைத் திறந்து நாட்டைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். சில சிம்களில் நாடு மாறினால் உங்களுக்கான எண்ணே மாறும். விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டார் பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடையிலேயே கேட்க வேண்டியவை

இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டு சிம் வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கே அனுமதி பெற்றது. அதனால் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்க முடியாது. கோளாறு தெரிவது ஐந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு. ஆகவே கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, பதிலை வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நான் போகும் நாட்டில் உள்வரும் அழைப்பு உண்டா? எந்த நெட்வொர்க்கில்? வோல்டிஇயிலா? நிமிடத்துக்கு எவ்வளவு? வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் சேவையை எப்படிப் பிடிப்பது? கடைசிக் கேள்விக்கு வெறும் 1800 எண்ணைக் கொடுத்தால் ஏற்காதீர்கள். அது வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது.

சிம் அட்டையில் 89 என்று தொடங்கும் 19 அல்லது 20 இலக்க எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 89-க்கு அடுத்து வருவது வெளியிட்ட நாட்டின் குறியீடு. 8944 என்றால் பிரிட்டன், 89372 என்றால் எஸ்டோனியா, 8991 என்றால் இந்தியா. பில்லில் எழுதிய எண்ணும் கையிலிருக்கும் சிம்மும் ஒன்றுதானா என்று நிறுவனத்திடம் இதைச் சொல்லிச் சரிபார்க்கலாம். கவுண்டரில் ஸ்டிக்கர் மாறி ஒட்டிக் கொடுத்து, வேறொருவர் எண்ணை ஊரெல்லாம் பரப்பிவிட்டு வருவதும் நடக்கிறது.

ஓடிபிக்கு இந்த சிம்மை நம்ப வேண்டாம். வங்கி எஸ்எம்எஸ் வருவது வங்கியில் பதிந்த இந்திய எண்ணுக்குத்தான். அந்த சிம்மில் பன்னாட்டு ரோமிங்கைத் திறந்து இரண்டாவது இடத்தில் போட்டு வைத்து, அதில் வரும் அழைப்புகளை எடுக்காமல் விட்டால் போதும். ஒரே நாட்டில் ஒரு மாதம் தங்குகிறீர்கள் என்றால் பயண சிம்மே தேவையில்லை. அங்கே போய் உள்ளூர் ப்ரீபெய்டு வாங்குங்கள். பிரிட்டன் வழியாகச் சுற்றி வரும் அந்த நாலு கண்ணிகளில் ஒன்று அதிலேயே குறைந்துவிடும்.

புகார் எழுதும் முறை

‘என் சிம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் ‘போனை ரீஸ்டார்ட் செய்யவும்’ என்றுதான் பதில் வரும். தொழில்நுட்பக் குழு கையில் எடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தேவை தவறிய அழைப்புகளின் மாதிரி, அதுவும் புதிது. சிக்னல் பதிவுகளை இடைத்தரகர்கள் அதிக நாள் வைத்திருப்பதில்லை. கடந்த 24 மணி நேரத்துக்குள் நடந்த இரண்டு மூன்று அழைப்புகளைக் கொடுங்கள். இப்படி:

“எண்: + குறியோடு முழு எண். சிம் அட்டை எண்: 89… ஐஎம்இஐ: (போனின் அடையாள எண், *#06# டயல் செய்தால் வருவது). இருக்குமிடம்: சிட்னி. போனில் தெரியும் நெட்வொர்க்: பெயர். தவறிய அழைப்பு: தேதி, இந்திய நேரம் மாலை 6.10, சிட்னி நேரம் இரவு 10.40. அழைத்த எண், அதன் நிறுவனம். கேட்டது: 12 நொடி அமைதிக்குப் பின் ஆங்கில அறிவிப்பு, ‘தொடர்பு கிடைக்கவில்லை’. டேட்டா வேலை செய்கிறது. வெளியே அழைப்பு போகவில்லை. வேறொரு போனிலும் சோதித்தேன், அதே நிலை. பேசும் பேலன்ஸ் உள்ளது.”

நேரத்தை எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நேரம் தவறினால் அவர்கள் பதிவேட்டில் தேடி ‘அப்படி அழைப்பே இல்லை’ என்று புகாரை மூடிவிடுவார்கள். கூடவே இரண்டு கோரிக்கைகளை வையுங்கள்: எச்எல்ஆரில் என் இருப்பிடப் பதிவை ரீசெட் செய்யுங்கள், உள்வரும் அழைப்புக்கு ஏதும் தடை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் அவர்கள் மேசையிலிருந்தே செய்யக் கூடியவை. புகார் எண் வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள்.

சமூக ஊடகத்தில் புகார் போடும்போது போன் எண்ணை வெளிப்படையாக எழுத வேண்டாம். ‘வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுகிறோம்’ என்று உடனே ஒரு அழைப்பு வரும். *401# என்று தொடங்கி ஏதாவது டயல் செய்யச் சொன்னால் அது உங்கள் இந்திய எண்ணின் அழைப்புகளைத் திருடன் போனுக்குத் திருப்பும் வேலை.

பதில் வராவிட்டால்

வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்மை இந்தியாவில் விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளைத் துறை 2022 ஜனவரியில் திருத்தியது. வாடிக்கையாளர் சேவை, புகாரை மேலே கொண்டுபோகும் படிநிலை, இனவாரியான பில், கட்டண விவரம் எல்லாவற்றையும் சான்று பெற்றவர் தர வேண்டும். ‘நாங்கள் வெறும் விற்பனையாளர், அயர்லாந்தில் இருக்கும் நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அந்தப் படிநிலையின் அடுத்த அதிகாரி யார் என்று கேட்டு, அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை. தனிப்பட்ட புகார்களை அது விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர் இணையதளம் வழியாக எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் திரும்ப வர வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்துவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கடை டெல்லியில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், 89 எண்ணின் படம், கடைக்காரர் எழுத்தில் கொடுத்த பதில்கள், தவறிய அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட், புகார் எண்கள் எல்லாம் அப்போது வேண்டியிருக்கும். ஆகவே ஊர் திரும்பியதும் போனை ஃபார்மேட் செய்யும் முன், வாடகை சிம்மைக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கும் முன், இவற்றை வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.